ஒரு எஞ்சின் நின்றால் விமானம் விழாது. பயப்பட வேண்டியது வேறு

கேள்வி: நடுவானில் பயணிகள் விமானத்தின் எஞ்சின் பழுதானால் என்ன ஆகும்? விமானம் விழுந்துவிடாதா? உள்ளே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

விழாது. ஓடுபாதையில் ஓடி மேலெழும் நொடியில் ஓர் எஞ்சின் முழுதாகச் செத்துப்போனாலும், மிச்சமுள்ளதை வைத்து ஏறி, சுற்றி வந்து, இறங்க முடியும் என்று காட்டினால்தான் ஒரு பயணிகள் விமானத்துக்குப் பறக்கும் சான்றிதழே கொடுப்பார்கள். எஞ்சின் பழுதில் தொடங்கி உயிர்ச்சேதத்தில் முடிந்த விபத்துகளைப் புரட்டிப் பார்த்தால், கூடவே வேறொன்றும் நடந்திருக்கும். உடைந்த துண்டு வெளியே பறந்து எதையாவது அறுத்திருக்கும். அல்லது அவசரத்தில் நன்றாக ஓடும் எஞ்சினை நிறுத்தியிருப்பார்கள். அல்லது எல்லா எஞ்சினையும் ஒரே காரணம் ஒரே சமயத்தில் தாக்கியிருக்கும். பயப்படுவதென்றால் இந்த மூன்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முதலில், 'எஞ்சின் பழுது' என்று செய்தியில் ஒரே பெயரில் வருவதற்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. நிறைய சமயம் எஞ்சினை நிறுத்துவது பைலட்தான். எண்ணெய் அழுத்தம் விழும், எண்ணெயின் வெப்பம் ஏறும், அல்லது அதிர்வுமானி எல்லையைத் தாண்டும். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; ஆனால் ஓடவிட்டால் பேரிங் கெட்டு முழு எஞ்சினும் பாழாகும் என்பதால் எரிபொருளை அடைத்து அணைத்துவிடுவார்கள். அறிவிப்பு வராவிட்டால் பயணிக்குத் தெரியாமலே போகலாம். இன்னொன்று, எரிபொருள் வராமலோ, ஆலங்கட்டியும் கனமழையும் உள்ளே போயோ எரியும் அறையில் தீ அணைந்துபோவது. மூன்றாவது 'சர்ஜ்'. காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் இதழ்கள் மேல் காற்றோட்டம் குலைந்ததும், உள்ளே அழுத்தி வைத்த காற்று முன்பக்கமாகத் திரும்பிப் பாயும். டமார் டமார் என்று ஓசை, எஞ்சினின் பின்னால் தீநாக்கு, உடம்பை உலுக்கும் அதிர்வு. ஜன்னலோரம் இருப்பவரைக் குலைநடுங்க வைப்பது இதுதான். ஆனால் பல சமயம் உந்துவிசையைக் குறைத்தாலே அடங்கிவிடும். நான்காவதுதான் உண்மையில் கடுமையானது: உள்ளே உலோகம் உடைவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எஞ்சின் போக மிக மோசமான நேரம் புறப்படும் நேரம். எடை அதிகம், வேகம் குறைவு, தரை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் கணக்குகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னால் அன்றைய எடை, வெப்பம், காற்று, ஓடுபாதையின் நீளம், ஈரம் எல்லாவற்றையும் போட்டு மூன்று வேகங்களை எடுப்பார்கள். முதலாவது வி1. அந்த வேகத்துக்குள் பிரேக் போட முடிவெடுத்தால் மிச்சமுள்ள ஓடுபாதைக்குள் நின்றுவிடலாம். அதைத் தாண்டினால் நிற்க இடம் போதாது, பறந்தே ஆக வேண்டும். 737, ஏ320 போன்ற விமானங்களில் இது பெரும்பாலும் மணிக்கு 240 முதல் 280 கி.மீ. வரை இருக்கும். வி1 வந்ததும் கேப்டன் உந்துவிசை நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுவார். கை அங்கேயே இருந்தால் பதற்றத்தில் பின்னுக்கு இழுத்துவிடத் தோன்றும் என்பதுதான் காரணம்.

வி1-க்குப் பிறகு ஓர் எஞ்சின் நின்றால் விமானத்தின் மூக்கு செத்த எஞ்சின் பக்கம் வெட்டும். எதிர்ப்பக்கக் காலால், வால் துடுப்பைத் திருப்பும் ரட்டர் பெடலை மிதித்து நேராக்கி, இரண்டாவது வேகத்தில் மூக்கை வழக்கத்தைவிட மெதுவாகத் தூக்கி, வி2 என்ற மூன்றாவது வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். காய்ந்த ஓடுபாதையின் முடிவில் குறைந்தது 35 அடி உயரம் இருக்க வேண்டும். சக்கரங்களை மடக்கிய பிறகு இரண்டு எஞ்சின் விமானம் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும். ஒரு கிலோமீட்டர் முன்னே போனால் 24 மீட்டர் மேலே. பார்க்க அற்பமான ஏற்றம். ஆனால் வழியிலுள்ள குன்று, கோபுரம், கிரேன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இந்த ஏற்றம் போதுமா என்று முன்கூட்டியே பார்த்திருப்பார்கள். போதாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். கோடை மதியத்தில் சில விமான நிலையங்களில் சரக்கையும் சில சமயம் ஆட்களையும் இறக்கிவிட்டுக் கிளம்புவது இந்தக் கணக்கினால்தான். திட்டிக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு இதை யாரும் விளக்குவதில்லை.

தரையிலிருந்து 400 அடி ஏறும்வரை சக்கரத்தை மடக்குவது, எச்சரிக்கை மணியை நிறுத்துவது தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது பொதுவான நடைமுறை. தீ மணி அடித்தாலும் அப்படியே. எஞ்சின் தொங்கும் கூடு, தீயைச் சில நிமிடங்கள் தாங்கும்படி கட்டப்பட்டது. தவறான சுவிட்சைத் தொட்டால் நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே முதலில் பறப்பது, பிறகு தீ.

தீ நடைமுறை ஏ320-ல் இப்படி இருக்கும். அந்த எஞ்சினின் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குக் கொண்டுவருவார்கள். அடுத்து எஞ்சின் மாஸ்டர் சுவிட்ச் அணையும். பிறகு தீ பொத்தான். அந்த ஒரு பொத்தான் எரிபொருள் வால்வை அடைக்கும், இறக்கை, வால் மடல்களை அசைக்கும் ஹைட்ராலிக் திரவத்தை அடைக்கும், எஞ்சினிலிருந்து கேபினுக்கு எடுக்கும் காற்றை அடைக்கும், ஜெனரேட்டரைத் துண்டிக்கும், தீயணைப்புக் குப்பிகளை வெடிக்கத் தயாராக்கும். பத்து நொடி பொறுத்து முதல் குப்பி. சுழற்சி தணிந்து காற்றோட்டம் குறைந்தால்தான் ஹேலான் வாயு அங்கேயே தங்கித் தீயை அமுக்கும். பத்து நொடி அதற்காக. அதன்பின் 30 நொடியிலும் தீ விளக்கு எரிந்தால் இரண்டாவது குப்பி. ஏ320-ல் எஞ்சினுக்கு இரண்டு குப்பிகள் உண்டு; 737-ல் இருக்கும் இரண்டையும் எந்த எஞ்சினுக்கும் திருப்பிவிடலாம்.

இந்த வரிசையில் உயிரான பகுதி ஒன்று உண்டு. நெம்புகோல், மாஸ்டர் சுவிட்ச், தீ பொத்தான் மூன்றையும் தொடுவதற்கு முன் ஒரு பைலட் கைவைத்து "ஒன்றாம் எஞ்சின்?" என்று கேட்க, மற்றவர் கண்ணால் பார்த்து "ஆம், ஒன்று" என்று உறுதிசெய்ய வேண்டும். இதைச் சடங்காக நினைத்துத் தாண்டிப்போனால் என்ன ஆகும் என்பதற்குக் கெக்வர்த் விபத்து இருக்கிறது. 1989 ஜனவரி 8, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற பிரிட்டிஷ் மிட்லண்ட் 737-400. இடது எஞ்சினின் விசிறி இதழ் உடைந்தது. அதிர்வு, புகை நாற்றம். கேபினுக்குக் காற்று தருவது முக்கியமாக வலது எஞ்சின் என்ற பழைய வகை 737-இன் அறிவை வைத்து, வலதுதான் கெட்டது என்று முடிவுகட்டி அதை நிறுத்தினார்கள். அதோடு இடது எஞ்சினின் உந்துவிசையும் குறைந்ததால் அதிர்வு தணிந்தது. செய்தது சரி என்றே தோன்றியது. இறங்க நெருங்கியபோது விசையைக் கூட்டினார்கள், இடது எஞ்சின் முழுதாகக் கைவிட்டது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் எம்1 நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் இறந்தார்கள். இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகளும் பணியாளர்களும் பார்த்திருந்தார்கள். கேப்டன் ஒலிபெருக்கியில் வலது எஞ்சின் என்று சொன்னதும் கேட்டது. ஒருவரும் எழுந்துபோய்ச் சொல்லவில்லை. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏஷியாவின் ஏடிஆர் 72 விழுந்ததும் இதே தவறால்தான்: இரண்டாம் எஞ்சின் பழுது, நிறுத்தியது ஒன்றாம் எஞ்சினை, 43 பேர் பலி.

உயரத்தில் போகும்போது ஓர் எஞ்சின் நிற்பது இவ்வளவு கடுமையானதல்ல. 37,000 அடியில் ஒற்றை எஞ்சினால் அந்த உயரத்தைத் தக்கவைக்க முடியாது, அவ்வளவுதான். மிச்சமுள்ளதைத் தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்ச விசையில் வைத்து, வேகத்தைக் காத்துக்கொண்டு மெதுவாக இறங்கவிடுவார்கள். எடையைப் பொறுத்து இருபதாயிரம் அடிகளில் எங்கோ ஓரிடத்தில் விமானம் சமநிலைக்கு வரும். இமயம் போன்ற மலைத்தொடர்களைக் கடக்கும்போது அந்த உயரம் போதாது. எந்த இடத்தில் நின்றால் எந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தப்பிக்கும் பாதைகளை முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார்கள். இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தால், நேரக் கணக்குப்படி மிக அருகிலுள்ள தகுந்த நிலையத்தில் இறங்கியாக வேண்டும். நான்கு எஞ்சின் விமானத்துக்கு அந்தக் கட்டாயமில்லை. 2005 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் புறப்பட்ட உடனே ஓர் எஞ்சினை நிறுத்திய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று மூன்று எஞ்சினில் அட்லாண்டிக்கைத் தாண்டி மான்செஸ்டர் வரை போய்விட்டது. சட்டப்படி சரிதான், ஆனாலும் அமெரிக்க அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்.

புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பும் விமானம் ஏன் வட்டமடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். செக்லிஸ்ட் முடிய நேரம் வேண்டும். பெரிய விமானங்களாக இருந்தால் எரிபொருளைக் கொட்டி இறங்கும் எடைக்கு வரவும் வேண்டும். ஏ320-ல் கொட்டும் வசதி கிடையாது. அவசரமென்றால் அதிக எடையோடே இறங்கி, பிறகு சக்கரத் தொகுதியையும் இறக்கை இணைப்பையும் சோதிப்பார்கள்.

இனி உலோகம் உடைவது. எஞ்சினின் முன்னால் தெரியும் பெரிய விசிறியின் இதழ் ஒன்று உடைந்தால் அதைச் சுற்றியுள்ள உறை பிடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு புது வகை எஞ்சினையும் சோதனை மேடையில் உச்ச வேகத்தில் ஓடவிட்டு, ஓர் இதழை வெடிவைத்து வேரோடு பிய்த்து, துண்டு உறையைத் துளைத்து வெளியேறவில்லை என்று காட்ட வேண்டும். ஆனால் சோதனை மேடையில் சரியாக நடந்தது வானில் அப்படியே நடக்கும் என்றில்லை. 2018 ஏப்ரல் 17, சவுத்வெஸ்ட் 1380, 737-700. நியூயார்க்கின் லாகார்டியாவிலிருந்து டல்லஸ் நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது இடது எஞ்சினின் 24 விசிறி இதழ்களில் ஒன்று வேர்ப்பகுதியில் அயர்ச்சி விரிசலால் உடைந்தது. உறை இதழைத் தாங்கிக்கொண்டது. ஆனால் அந்த மோதலின் அதிர்ச்சி வெளிமூடியின் தாழ்ப்பாள் பகுதிக்குப் போய், மூடி கிழிந்து பறந்து, அதில் ஒரு துண்டு ஜன்னலை உடைத்தது. அந்த ஜன்னலோரம் இருந்த பயணி இறந்தார். விமானம் ஃபிலடெல்ஃபியாவில் பத்திரமாக இறங்கியது. மூன்றே நாளில், 30,000 முறைக்கு மேல் ஓடிய அவ்வகை இதழ்களை 20 நாளுக்குள் அல்ட்ராசவுண்டால் சோதிக்கும்படி அவசர ஆணை வந்தது. வெளிமூடியின் வடிவமைப்பையே மாற்ற வேண்டும் என்று விசாரணை வாரியம் பின்னர் சொன்னது.

இதழைப் பிடிக்கலாம். இதழ்களைத் தாங்கும் வட்டைப் பிடிக்க முடியாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் கனமான உலோக வட்டு பிளந்தால் அதன் ஆற்றலைத் தாங்கும் உறையைப் பறக்கும் எடையில் செய்ய வழியில்லை. அதனால் வட்டு உடையாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒவ்வொரு வட்டுக்கும் ஆயுள் எண்ணிக்கை உண்டு. ஒரு புறப்பாடும் இறக்கமும் சேர்ந்து ஒரு சுற்று. பல வட்டுகளுக்கு அது 20,000 சுற்று அளவில் இருக்கும். எண்ணிக்கை தீர்ந்தால், பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தாலும் கழற்றித் தூர எறிய வேண்டும். விமான வடிவமைப்பாளர், வட்டின் மூன்றில் ஒரு பங்குத் துண்டு எதையும் அறுத்துக்கொண்டு போகும் என்று வைத்துக்கொண்டு, அது பாயக்கூடிய தளத்தில் ஹைட்ராலிக் குழாய்களும் கம்பிகளும் ஒன்றாக ஓடாதபடி பிரித்து வைக்கிறார். இந்தப் பாடத்தை எழுதியது 1989 ஜூலை 19. யுனைடெட் 232, டிசி-10. வால் எஞ்சினின் டைட்டானிய விசிறி வட்டில், உலோகம் உருக்கியபோதே தங்கிவிட்ட குறையிலிருந்து விரிசல் வளர்ந்து வட்டு பிளந்தது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரே அடியில் போயின. சூ சிட்டியில் இறக்கும்போது 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். எஞ்சின் விசையை மட்டும் ஏற்றி இறக்கி அதுவரை ஓட்டி வந்ததே பெரிய காரியம்.

வட்டு உடைந்தும் எல்லாரும் பிழைத்த சம்பவம் குவாண்டஸ் 32. விரிவாகப் பார்க்கத் தகுந்தது. 2010 நவம்பர் 4 காலை, சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சிட்னிக்கு 469 பேரோடு கிளம்பிய ஏ380. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, 7,000 அடி உயரம், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாம் எஞ்சின் வெடித்தது. காரணம் ஒரு சின்ன எண்ணெய்க் குழாய். ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 900 எஞ்சினுக்குள் பேரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் அந்தக் குழாயின் வாயைக் கடைந்தபோது கடைசல் மையம் விலகியிருந்தது. ஒரு பக்கச் சுவர் மெலிந்து, அங்கே அயர்ச்சி விரிசல் விழுந்து, எண்ணெய் கசிந்து, உள்ளே தீப்பிடித்தது. தீயின் சூட்டில், எரிந்த வாயு தள்ளிச் சுழலும் நடு அழுத்த டர்பைனின் வட்டு தன் தண்டிலிருந்து பிரிந்தது. தண்டோடு பிணைப்பில்லாத டர்பைனுக்குச் சுமை ஏது? வாயு தள்ளத் தள்ள வேகம் எல்லை மீறி வட்டு வெடித்தது.

துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. எரிபொருள் கொட்டியது. கம்பிக் கட்டுகள் அறுந்தன. இறக்கை முன்விளிம்புப் பட்டைகள் அசையவில்லை. பிரேக்கின் ஒரு பகுதி போனது. திரையில் பிழைச் செய்திகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கொட்டின. காக்பிட்டில் அன்று வழக்கத்துக்கு மாறாக ஐந்து பைலட்கள் இருந்தார்கள். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியை மதிப்பிட ஒருவர், அந்த மதிப்பீட்டாளரை மேற்பார்வையிட இன்னொருவர். செக்லிஸ்ட்டை முடிக்கவே ஏறக்குறைய 50 நிமிடம். ஆத்திரப்பட்டு உடனே இறக்கியிருந்தால்? இறங்கும் எடை அனுமதித்ததைவிட ஏறத்தாழ 50 டன் அதிகம். எந்தப் பிரேக் வேலை செய்யும், எந்த மடல் நீளும் என்று தெரியாமல் இறங்கியிருப்பார்கள். கணக்குப் போட்டபோது 4,000 மீட்டர் ஓடுபாதையில் மிச்சம் நூறு மீட்டர் சொச்சம் என்று வந்தது. இறங்குவதற்கு முன் விமானம் அந்த வேகத்தில் கட்டுப்படுகிறதா என்று உயரத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். சக்கரங்களைப் புவியீர்ப்பில் விழவிட்டார்கள். ஏறக்குறைய கணக்கிட்ட இடத்திலேயே நின்றது.

நின்றபின்தான் இன்னொரு சிக்கல். பிரேக்குகள் 900 டிகிரி சூட்டில், பக்கத்தில் எரிபொருள் கசிகிறது. கம்பி அறுந்ததால் ஒன்றாம் எஞ்சின் அணைய மறுக்கிறது. சறுக்குப் பைகளை விரித்துவிட்டால் 400-க்கு மேற்பட்டவர்கள் அந்த எரிபொருளுக்கும் ஓடும் எஞ்சினுக்கும் நடுவே போய் விழுவார்கள். தீயணைப்பு வண்டிகள் நுரை அடித்துக்கொண்டிருக்க, பயணிகளை உள்ளேயே உட்காரவைத்து, பின்னர் வலப்பக்கக் கதவு ஒன்றில் படிக்கட்டு வைத்து இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அந்த எஞ்சினை நுரையை அடித்தே அணைக்க மூன்று மணி நேரம் பிடித்தது. அதன்பின் டிரென்ட் 900-களில் அந்தக் குழாய்கள் சோதிக்கப்பட்டன. டர்பைன் அளவுமீறிச் சுழலத் தொடங்கினால் தானே எரிபொருளை வெட்டும் மென்பொருளும் சேர்ந்தது.

வட்டுக் கதை பழங்கதையும் அல்ல. பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜி எஞ்சினில் சில வட்டுகள் செய்த உலோகத் தூளில் மிக நுண்ணிய மாசு இருந்ததாக 2023-இல் தெரியவந்து, உலகெங்கும் ஏ320நியோக்களின் எஞ்சின்களைக் காலத்துக்கு முன்பே கழற்ற வேண்டியதாயிற்று. இண்டிகோவின் பல விமானங்கள் தரையில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, எல்லா எஞ்சினும் சேர்ந்து போவது. இரண்டு எஞ்சின் விமானங்கள் நிலையத்திலிருந்து எத்தனை நிமிடத் தொலைவு வரை விலகிப்போகலாம் என்பதை ஈடாப்ஸ் விதி தீர்மானிக்கிறது. ஆதியில் 60 நிமிடம்; 1985-இல் 120 ஆயிற்று; ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. 180 நிமிட அனுமதி வேண்டுமென்றால், அந்த வகை எஞ்சின் பறக்கும்போது நிற்கும் விகிதம் 1,000 மணி நேரத்துக்கு 0.02-ஐத் தாண்டக்கூடாது. அதாவது 50,000 எஞ்சின் மணிக்கு ஒன்று. அதற்கும் மேலே போக 1,00,000 மணிக்கு ஒன்று. ஆண்டுக்கு 4,000 மணி ஓடும் எஞ்சினுக்கு அது 25 வருடத்தில் ஒருமுறை. சிமுலேட்டருக்கு வெளியே எஞ்சின் நின்றதைப் பார்க்காமலே ஓய்வுபெறும் பைலட்கள் நிறைய பேர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

இந்த எண்ணை எண்ணால் பெருக்கி, "இரண்டும் சேர்ந்து நிற்க வாய்ப்பே இல்லை" என்று சிலர் கணக்குக் காட்டுவார்கள். ஏமாற்றும் கணக்கு அது. இரண்டு எஞ்சினும் ஒன்றையொன்று சாராதபோதுதான் பெருக்கலாம். எரிபொருள், பறவைக் கூட்டம், எரிமலைச் சாம்பல், பழுதுபார்த்த கை, காக்பிட்டில் இருக்கும் கை: இவை எல்லாவற்றுக்கும் பொது.

கைக்கு உதாரணம் ஈஸ்டர்ன் 855. 1983 மே 5, மயாமியிலிருந்து நாசோவுக்குப் போன எல்-1011, 172 பேர். மூன்று எஞ்சினிலும் எண்ணெயில் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்த முளையை முந்தைய இரவு மாற்றினார்கள். மூன்றிலும் ரப்பர் வளையம் போடவில்லை. மூன்றிலும் எண்ணெய் ஒழுகியது. முதலில் ஒன்றை நிறுத்தினார்கள், திரும்பும் வழியில் மற்ற இரண்டும் நின்றன; கடலுக்கு மேல் இறங்கிக்கொண்டே முதலில் நிறுத்தியதை மறுபடி ஓடவைத்து மயாமியில் இறங்கினார்கள். நீண்ட கடல்பயண விமானத்தில் ஒரே ஆள் ஒரே வேலையை இரண்டு எஞ்சினிலும் ஒரே சமயத்தில் செய்யக்கூடாது என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரித் தவறுகள்தான். ஏர் டிரான்சாட் 236 (2001 ஆகஸ்ட் 24, ஏ330, 306 பேர்) வேறு மாதிரி. பொருந்தாத பாகத்தைப் போட்டதில் எரிபொருள் குழாய் உரசி வெடித்தது. டாங்கிகளின் அளவு ஏறுமாறாக இருப்பதைக் கண்ட பைலட்கள் நல்ல பக்க எரிபொருளை ஒழுகும் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டு எஞ்சினும் நின்று, 19 நிமிடம் சறுக்கியே அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸில் இறங்கியது. ஆகவே, 'ஒழுகுகிறதா என்று தெரியாமல், இரு பக்க எரிபொருளையும் இணைக்கும் குறுக்கு வால்வைத் திறக்காதே'.

எரிபொருளில் மாசு இருந்தாலும் இதே கதைதான். 2020 பிப்ரவரியில் ஓர் ஏ321-இன் டாங்கியில் பூஞ்சைக்கொல்லியைச் சொன்ன அளவைவிட 38 மடங்கு ஊற்றிவிட்டார்கள்; கேட்விக்கிலிருந்து கிளம்பியதும் இரண்டு எஞ்சினும் தடுமாறின. பத்திரமாகத் திரும்பிவிட்டது.

சறுக்குவதைப் பற்றி ஒரு கணக்கு: எஞ்சின் இல்லாத ஏ320 ஒவ்வோர் ஆயிரம் அடி இறக்கத்துக்கும் நாலரை கி.மீ. அளவு முன்னே போகும். 35,000 அடியிலிருந்து சுமார் 160 கி.மீ. அதற்குள் விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி தானே வெளியே வந்து ஹைட்ராலிக்குக்கும் அவசர மின்சாரத்துக்கும் உயிர் கொடுக்கும். எஞ்சினை மறுபடி கிளப்பவும் நேரம் இருக்கும். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் நான்கு எஞ்சினும் நின்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, சாம்பல் மேகத்துக்குக் கீழே வந்தபின் எஞ்சின்களைக் கிளப்பி ஜகார்த்தாவில் இறங்கியது. உள்ளே உருகி ஒட்டிய சாம்பல், எஞ்சின் குளிர்ந்ததும் கண்ணாடிபோல் இறுகி உடைந்து உதிர்ந்ததால் அது முடிந்தது.

உயரம் இல்லாதபோது இவை எதற்கும் நேரமில்லை. 2009 ஜனவரி 15, யுஎஸ் ஏர்வேஸ் 1549: 2,800 அடி உயரத்தில் கனடா வாத்துக் கூட்டம் இரண்டு எஞ்சினிலும் புகுந்தது. ஹட்சன் ஆற்றில் இறங்கும்வரை மூன்றரை நிமிடம். இரட்டை எஞ்சின் பழுதுக்கான செக்லிஸ்ட் இருபதாயிரம் அடிக்கு மேலே நடப்பதாக நினைத்து எழுதப்பட்டது; பாதிகூட முடியவில்லை. கேப்டன் சல்லன்பெர்கர் பட்டியலில் வெகு கீழே இருந்த ஒன்றை முதலிலேயே செய்தார்: வாலிலுள்ள துணை எஞ்சினைக் கிளப்பினார். அதனால் மின்சாரமும் கட்டுப்பாட்டு உதவிகளும் கடைசிவரை இருந்தன. 155 பேரும் பிழைத்தார்கள். பெரிய பறவைச் சோதனையில் எஞ்சின் பத்திரமாக நின்றுபோனாலே போதும், தொடர்ந்து ஓட வேண்டியதில்லை. ஆகவே பறவையை விமானநிலையத்துப் பக்கம் வராமல் பார்ப்பதுதான் தீர்வு. இந்திய வானூர்தி விதிகள் 1937-இன் 91-ஆம் விதி, விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவில் விலங்கு அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்கிறது. நம் ஊர் விமான நிலையங்களைச் சுற்றிப் பார்த்தால் அந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று தெரியும்.

அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று விழுந்த ஏர் இந்தியா 171-ஐயும் கேட்பீர்கள். அந்த 787-இன் முதற்கட்ட அறிக்கை சொல்வது: மேலெழுந்த சில நொடிகளில் இரண்டு எஞ்சினின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் துண்டிப்பு நிலைக்குப் போயின, பின்னர் திரும்ப ஓடும் நிலைக்கு வந்தன, அதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. அவை ஏன் நகர்ந்தன என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை. ஊகித்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒற்றை எஞ்சின் பழுதுக்கான இத்தனை ஏற்பாடும் அந்த உயரத்தில் இரண்டும் ஒருசேர நின்றால் உதவாது என்பது மட்டும் உறுதி.

இனி பயணிக்கு. பெல்ட்டை எப்போதும் போட்டிருங்கள். ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் இழுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுங்கள். சவுத்வெஸ்ட் 1380-இல் எடுத்த படத்தில் பலர் வாயை மட்டும் மூடியிருந்தார்கள். உங்களுக்குப் போட்டபின் குழந்தைக்கு. அதிலுள்ள வேதிப்பொருள் ஏறக்குறைய 12 நிமிடம் தாங்கும். அதற்குள் விமானம் பத்தாயிரம் அடிக்கு இறங்கிவிடும். ஜன்னல் வழியாகத் தீயையோ உடைந்த பாகத்தையோ பார்த்தால், எந்தப் பக்கம் என்பதோடு பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். பைலட் சொன்னதற்கு முரணாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு இருக்கையிலிருந்து எஞ்சின் பெரும்பாலும் தெரியாது.

உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் உள்ள கதவுகள் எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாது, கையால் தடவி எண்ணித்தான் போக வேண்டும். 1985-இல் மான்செஸ்டர் ஓடுபாதையில் எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்த 737-இல் இறந்த 55 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது புகை. பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 நொடியில் எல்லாரும் வெளியேறலாம் என்று விமானத்தைச் சோதித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சோதனையில் யாரும் மேலடுக்கிலிருந்து பெட்டி எடுப்பதில்லை. 2016 அக்டோபரில் சிகாகோவில் டர்பைன் வட்டு உடைந்து எரிந்த அமெரிக்கன் 383-இல் சிலர் பெட்டியோடுதான் இறங்கினார்கள். இறக்கைக் கதவுப் பக்கம் உட்கார்ந்தால், திறப்பதற்கு முன் வெளியே தீ இருக்கிறதா, எஞ்சின் சுற்றுகிறதா என்று கண்ணாடி வழியே பாருங்கள். சிகாகோவில் ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியேற்றம் தொடங்கிவிட்டது. அதன் காற்று ஒருவரைக் கீழே தள்ளிப் பலத்த காயம். தண்ணீரில் இறங்குவதானால் உயிர்காப்புச் சட்டையை உள்ளே ஊதாதீர்கள். தண்ணீர் ஏறும்போது அது உங்களைக் கூரையோடு ஒட்டிவிடும், கதவுக்குக் குனிந்துபோக முடியாது. வெளியே வந்ததும் காற்று வரும் திசையை நோக்கி நூறு மீட்டராவது விலகுங்கள். தீயணைப்பு வண்டிகள் வரும் வழியில் நிற்காதீர்கள்.